கண்ணருகே ஒரு குட்டி டி.வி.!

இன்ப்ளான்ட் டிரெயினிங் என்றால் என்ன என்று முதலாண்டுத் தம்பிகள் கேட்கிறார்கள். பத்து நாள் பட்டறையில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பதினோராம் நாள் ரிப்போர்ட் எழுதுவது! எனக்கும் அப்படித்தான் முடிந்திருக்கும். ஆனால் ஒன்பதாம் நாள், திருச்செங்கோடு ரோட்டில் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறையில், பாடி கழற்றிய பழைய வண்டியின் சேஸிஸில் மேஸ்திரி ஒரு விரிசலைக் காட்டினார். கிராஸ் மெம்பர் சேரும் இடத்தில், பழைய வெல்டிங்கின் ஓரமாகவே ஓடியிருந்தது. ஃபெடிக் ஃபெயிலியர்! என் புராஜெக்ட் தலைப்பே அதுதான்.

"படம் புடிக்கறதுன்னா நாளைக்கு மத்தியானத்துக்குள்ள புடிச்சுக்கங்க தம்பி. அப்புறம் வெட்டி ஒட்டிப் போட்டுருவோம். ராத்திரி வண்டி கெளம்புதுங்க" என்றார்.

செல்போனில் முயன்றேன். வண்டி நிற்பதோ வெட்டவெளியில். நாமக்கல் வெயிலில் போன் திரையில் என் மூஞ்சிதான் தெரிந்தது. உடனே ராசிபுரத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே சித்தப்பா கல்யாண போட்டோகிராபர். பெரிய கேமராவைத் தரமாட்டார். "இதைக் கொண்டு போடா, கீழ போட்டுறாத" என்று ஒரு சின்னக் கேமராவைத் தந்தார். சோனி ஆர்.எக்ஸ்.100 மார்க் 3, 2014-ல் வந்த மாடல். சட்டைப் பையில் அடங்கிவிடும். பக்கத்தில் உள்ள குமிழைத் தள்ளினால் மேலே ஒரு வியூ ஃபைண்டர் டக்கென்று எழும்பும். சும்மா சொல்லக்கூடாது, அதை மட்டும் பத்துத் தடவை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன்.

எஸ்.எல்.ஆர். கேமராவில் கண்ணாடியும் பிரிஸமும் வெளிச்சத்தையே நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும். இது வேறு. லென்ஸ் வழியாக வரும் ஒளி சென்சாரில் விழுந்து, மின் சிக்னலாகி, பிராசஸர் வழியே ஒரு குட்டி ஓ.எல்.இ.டி. திரைக்குப் போகிறது. அதன் முன்னால் ஓர் உருப்பெருக்கி லென்ஸ். ஆக, நாம் பார்ப்பது வண்டியை அல்ல, வண்டியின் டி.வி. ஒளிபரப்பை!

மறுநாள் காலை கண்ணை வைத்தால் எல்லாமே மங்கல். சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "ஃபைண்டர் மேல வந்ததும் கண்ணு வைக்கிற பாகத்தைப் பின்னால இழுத்தியா?" என்றார். இழுத்தேன். பாதி சரியாயிற்று. மீதிப் பாதி அவருடைய கண்! அவர் கண் பவருக்கு வைத்திருந்த டயாப்டர் நெம்புகோலை என் கண்ணுக்கு நகர்த்தினேன். இந்த மங்கல் படத்தில் பதிவாகாது, பார்ப்பவனுக்கு மட்டும்தான்.

அதற்குப் பிறகு சுகம்தான். ஃபைண்டருக்குள் வெயில் நுழையாது. இன்னொரு வசதி, படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்பது எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. மீட்டருக்குக் கறுப்பு வெள்ளை தெரியாது, எதையும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். கோழிப்பண்ணையில் முட்டை அட்டையைப் படம் எடுத்தால் முட்டை அழுக்காக வருவது இதனால்தான். அங்கே எக்ஸ்போஷரைப் பிளஸ் பக்கம் திருப்ப வேண்டும். எனக்கோ கறுப்புச் சேஸிஸ் வெளுத்துத் தெரிந்தது. மைனஸ் 1 வைத்தேன். துருவின் நிறம் கண் முன்னாலேயே திரும்பி வந்தது.

மொத்தம் 34 படம். ஃபைண்டரில் எல்லாம் பளிச்! இரவு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் 31 படம் அவுட் ஆஃப் ஃபோகஸ். வண்டி அதற்குள் கிளம்பிவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் திரை 14.4 லட்சம் புள்ளி என்பார்கள். ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று புள்ளி. மூன்றால் வகுத்தால் 4.8 லட்சம் பிக்சல், அதாவது 800 × 600. படமோ 5472 × 3648, ஏறக்குறைய 2 கோடி. நாற்பது பிக்சலுக்கு ஒன்றைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்! சின்ன மங்கல் அதில் எப்படித் தெரியும்? எடுத்தவுடன் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும். தப்பின் மூலகாரணம் வேறு. முழு ஜூமில் இந்த லென்ஸுக்குக் குறைந்தது 30 செ.மீ. தூரம் வேண்டும். நான் ஒரு சாண் தூரத்தில் நின்றேன். பச்சைக் கட்டம் வந்ததா என்றும் பார்க்கவில்லை. கிரைண்டர் சத்தத்தில் பீப் ஒலியும் கேட்கவில்லை.

பிழைத்த மூன்றும் ஜூம் இல்லாமல், வைடில் எடுத்தவை. வைடில் 5 செ.மீ. வரை நெருங்கலாம். அதில் ஒன்றில், "பெருசு சிறுசு தெரிய வேண்டாமுங்களா?" என்று மேஸ்திரி விரிசலை ஒட்டி ஒரு பத்து ரூபாய் நாணயத்தை ஒரே தளத்தில் ஒட்டவைத்திருந்தார். நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. படத்தில் அது 900 பிக்சல், விரிசல் 1400 பிக்சல். 27 × 1400 ÷ 900 = 42 மி.மீ.

வைவாவில் வெளித்தேர்வாளர் அந்தக் கணக்கை இரண்டு முறை போடச் சொன்னார். பிறகு, "விரிசலின் மறுமுனை எங்கே தம்பி?" என்றார். அது கிராஸ் மெம்பரின் அடியில் போயிருந்தது. அந்தப் பக்கத்தைக் காட்டும் படங்கள் எல்லாம் மங்கலான 31-ல் இருந்தன. ரிப்போர்ட்டில் 'நீளம் 42 மி.மீ.' என்பதை அடித்துவிட்டு, 'குறைந்தது 42 மி.மீ.' என்று அவர் எதிரிலேயே பேனாவால் திருத்தினேன்.