வீட்டில் பைக்கைத் தூக்கி நிறுத்த எந்த ஸ்டாண்டு வாங்கலாம்?

செயினைத் துடைத்து எண்ணெய் விடுவது, பிரேக் ஷூ மாற்றுவது, பின்சக்கரத்தைக் கழற்றுவது என்று சின்ன வேலைகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்ல பழக்கம். தன் வண்டியைத் தானே தொட்டுப் பார்க்கிறவருக்கு எந்த நட் தளர்ந்திருக்கிறது, எந்த ரப்பர் வெடித்திருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆனால் செங்கல்லையும் விறகுக் கட்டையையும் முட்டுக்கொடுத்து, அதன்கீழ் கையை விட்டு வேலை செய்வதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. சரியான ஸ்டாண்டு ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடும். வாங்குமுன் பார்க்க வேண்டியவை இவை.

1. என்ன வேலை செய்யப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். செயின், பின்பிரேக், பின்சக்கரம் ஆகியவற்றுக்கு வண்டியின் பின்பக்கம் மட்டும் தரையை விட்டு எழுந்தால் போதும். முன்சக்கரம், ஃபோர்க், கோன்செட் என்றால் தேவையே வேறு. பெரும்பாலான வீடுகளுக்குப் பின்பக்கத் தேவைதான்.

2. உங்கள் வண்டியில் சென்டர் ஸ்டாண்டு இருக்கிறதா? ஸ்ப்ளெண்டர், கிளாசிக் 350 வைத்திருப்பவர்கள் பின்சக்கர வேலைக்குத் தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. சென்டர் ஸ்டாண்டு போடக் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் பலரும் வண்டியைக் கையால் தூக்கப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது, இடுப்பு பிடித்துக்கொள்ளும். வண்டியை நேராக நிமிர்த்தி, ஸ்டாண்டைக் காலால் கீழே இறக்கி, அதன் இரண்டு கால்களும் தரையில் பட்டுவிட்டனவா என்று வண்டியை லேசாக இடம் வலமாக அசைத்துப் பாருங்கள். இரண்டும் படிந்தது காலுக்கே தெரியும். அதன்பிறகு உடம்பின் முழுக் கனத்தையும் ஸ்டாண்டின் மிதியில் இறக்குங்கள். சீட்டின் பக்கத்துக் கம்பியைப் பிடித்திருக்கும் வலது கை வழிகாட்டினால் போதும். வண்டி தானாகப் பின்னால் ஏறிவிடும்.

3. ஆர்15, டியூக் போன்ற வண்டிகளில் சென்டர் ஸ்டாண்டு கிடையாது. இவற்றுக்குத்தான் பேடக் ஸ்டாண்டு. பின்பக்கமாக உள்ளே தள்ளி, கைப்பிடியை அழுத்தினால் ஸ்விங் ஆர்மைத் தாங்கித் தூக்கிவிடும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ‘எல்’ வடிவ ரப்பர் தாங்கி வைத்தது. பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும். மற்றொன்று, ஸ்விங் ஆர்மில் பாபின் என்ற சிறு உருளைகளை மாட்டி, அவற்றை ‘வி’ வடிவக் கொக்கியால் பிடிப்பது. பாபின் மாட்ட வண்டியில் துளை இருந்தால் யோசிக்காமல் இரண்டாவதையே வாங்குங்கள். கொக்கிக்குள் உட்கார்ந்த பாபின் எளிதில் நழுவாது. துளையின் மரை வண்டிக்கு வண்டி மாறும்: 6, 8, 10 மி.மீ. என மூன்று அளவுகள் புழக்கத்தில் உள்ளன. வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். தவறான அளவைத் திருகினால் ஸ்விங் ஆர்மின் மரையே போய்விடும்.

4. ரப்பர் தாங்கி வகையை வாங்கினால், தூக்குவதற்கு முன் குனிந்து ஒருமுறை பாருங்கள். பின் டிஸ்க் பிரேக்கின் ஹோஸும் ஏபிஎஸ் சென்சாரின் வயரும் ஸ்விங் ஆர்மை ஒட்டியே போகும். ரப்பர் அவற்றின் மேல் ஏறி நின்றால் நசுங்கிவிடும்.

5. எடை. ஸ்ப்ளெண்டர் பிளஸ் சுமார் 112 கிலோ. கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. 650 சிசி இன்டர்செப்டர் 200 கிலோவைத் தாண்டும். பின்பக்க ஸ்டாண்டின் மேல் பாதி எடைதானே விழுகிறது என்று கணக்குப் போட்டுக் குறைந்த திறனுள்ளதை வாங்காதீர்கள். வண்டியின் முழு எடையையும் தாங்கி, அதற்கு மேலும் தாராளமாக இடம் விட்டிருக்க வேண்டும்.

6. பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். குழாய்கள் சேரும் இடத்தில் வெல்டிங் விட்டுவிட்டுப் பொட்டுப் பொட்டாக இருக்கிறதா, சுற்றிலும் தொடர்ச்சியாக ஓடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சக்கரத்துக்கு வெறும் ஆணி கொடுத்திருந்தால் தள்ளிவிடுங்கள்; போல்ட்டும் நட்டும் இருக்க வேண்டும். அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் நாளை வண்டி மாற்றினாலும் ஸ்டாண்டு உதவும்.

7. முன்பக்க ஸ்டாண்டிலும் இரண்டு வகை. ஃபோர்க்கின் அடியில் தாங்குவது சக்கரம் கழற்ற மட்டும் போதுமானது. ஃபோர்க்கையே கழற்ற வேண்டுமென்றால், ஸ்டியரிங் தண்டின் அடித்துளையில் பின் நுழைத்துத் தூக்கும் வகை வேண்டும். எதுவானாலும், பின்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே முன்பக்கத்தைத் தூக்க வேண்டும். இறக்கும்போது முன்பக்கம் முதலில்.

8. வண்டியின் வயிற்றுக்கு அடியில் வைத்துத் தூக்கும் கத்தரி ஜாக்கி எல்லா வண்டிக்கும் ஆகாது. அடியில் சேஸிஸ் குழாய்கள் இரண்டும் சமமாக ஓடினால் நன்றாக உட்காரும். அங்கே சைலன்சரோ, ஆயில் போல்ட்டோ, இன்ஜினின் மெல்லிய துடுப்புகளோ இருந்தால் எடை முழுவதும் அவற்றின் மேல் இறங்கும். இப்படி இன்ஜின் அடிப்பாகம் விரிசல் விட்டால் செலவு ஸ்டாண்டின் விலையைப்போல் பல மடங்கு.

9. பட்டறைகளில் இருப்பது போன்ற ஹைட்ராலிக் மேஜை வசதியானதுதான். முதுகு வளைக்காமல் வேலை பார்க்கலாம். ஆனால் இரண்டு மீட்டருக்கும் மேல் நீளம், சுற்றி நடக்க இடம், தானே நூறு கிலோ அளவுக்குக் கனம். தனி ஷெட்டும் இரண்டு மூன்று வண்டிகளும் இருந்தால் வாங்குங்கள். அப்போதும் ஹைட்ராலிக் அழுத்தத்தை மட்டும் நம்பக் கூடாது. சீல் கசிந்தால் மேஜை மெல்ல இறங்கும். உயர்த்தியதும் குறுக்கே இரும்புப் பூட்டு விழும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

10. எந்த ஸ்டாண்டும் தரையை நம்பியே நிற்கிறது. நம் போர்ட்டிகோக்களில் மழைநீர் வடியச் சரிவு விட்டிருப்பார்கள்; வண்டியைச் சரிவுக்குக் குறுக்கே நிறுத்தாமல், வீட்டின் சமமான மூலையைத் தேடுங்கள். வழவழப்பான டைல்ஸ் என்றால் கனமான பிளைவுட் பலகை ஒன்றை விரித்து, அதன் மேல் நிறுத்துங்கள். பலகையில் ஆயில் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள்.

11. செயின் வேலையின்போது இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, சுழலும் செயினில் துணியைப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். துணியின் நூல் ஒன்று ஸ்ப்ராக்கெட்டில் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கையை எடுக்க நேரம் இருக்காது. சாவியை எடுத்துப் பையில் போட்டுவிட்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். ஸ்டாண்டு வாங்குவதே அதற்காகத்தானே. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் வண்டி கீழே இறங்கும்வரை தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

12. முதல் சில தடவை துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவர் முன்னால் ஹேண்டில்பாரைப் பிடிக்கட்டும், நீங்கள் பின்னால் ஸ்டாண்டை அழுத்துங்கள். தனியாக என்றால் முன்பிரேக் லீவரை ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டி, முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு கட்டை வையுங்கள்.

13. பின்பக்கம் மட்டும் உயர்ந்திருக்கும்போது ஆயில் அளவு பார்க்காதீர்கள். வண்டி முன்னால் சாய்ந்திருப்பதால் அளவு தவறாகத் தெரியும்.

14. வேலை முடிந்ததும் ஸ்டாண்டைச் சுவரில் கொக்கி போட்டு மாட்டிவிடுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது அதன் சக்கர நட்டுகளை ஒருமுறை ஸ்பேனரால் இறுக்கிவிட்டு வண்டிக்கு அடியில் தள்ளுங்கள்.