ராத்திரியே விட்டுட்டுப் போங்க, அண்ணாச்சி

"காலையில எடுத்தா உதறுது, இழுவையே இல்ல. வண்ணாரப்பேட்டை தாண்டுனா சரியாயிருது." பகல் பதினோரு மணிக்கு இப்படிச் சொல்லிக்கொண்டு ஒருவர் வருவார். எஞ்சின் அப்போது நன்றாகச் சூடாகியிருக்கும். அந்த நேரத்தில் பானெட்டைத் திறந்து எதையும் கழற்றாதே, தம்பி. பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு கோளாறைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1. வண்டியை ராத்திரி பட்டறையில் விட்டுப் போகச் சொல். மார்கழி விடியலில்கூட திருநெல்வேலியில் இருபது, இருபத்திரண்டு டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனால் 90 டிகிரிச் சூட்டில் ஓட வேண்டிய எஞ்சினுக்கு அதுவே குளிர்தான். சூடில்லாத இரும்பில் பெட்ரோல் ஆவியாகாமல் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்டத்தான் கம்ப்யூட்டர் முதல் சில நிமிடங்கள் கூடுதலாகப் பெட்ரோல் கொடுத்து, ஐடிலிங்கையும் ஏற்றி வைக்கிறது. சைலன்சர் பக்கத்து ஆக்சிஜன் சென்சார் சுமார் 300 டிகிரி சூடேறும் வரை வேலை செய்யாது. அதுவரை கணக்கு எல்லாம் குத்துமதிப்புதான். சின்னக் குறைகூட அப்போது பளிச்சென்று தெரியும். சென்சார் விழித்ததும் அது அளவைத் திருத்தித் திருத்திக் குறையை மறைத்துவிடும். ஒருமுறை ஸ்டார்ட் செய்துவிட்டால் அடுத்த வாய்ப்பு மறுநாள்தான்.

2. சாவியை வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள். எத்தனை நிமிடத்தில் சரியாகிறது? வெள்ளைப் புகையா, கறுப்பா? கூலன்ட் குறைகிறதா? கேஸ் கிட் உண்டா? கடைசியாக எஞ்சினை எப்போது கழுவினார்கள்? மாஞ்சோலை ஏறும்போதுதான் இழுக்கவில்லை என்றால் அந்த அண்ணாச்சியிடம் காசு வாங்காதே. டர்போ இல்லாத எஞ்சின் 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். அது நோயில்லை.

3. விடிந்ததும் முதலில் ஸ்கேனர். செல்ஃப் அடிக்காமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, கூலன்ட் சென்சாரும் உள்ளே போகிற காற்றின் சென்சாரும் காட்டும் சூட்டைப் பார். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் 60, 70 என்று காட்டினால், எஞ்சின் சூடாகிவிட்டது என்று நம்பிக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக் கொடுக்கிறது என்று பொருள். மைனஸ் 40 காட்டினால் வயர் அறுந்திருக்கிறது அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது. நம்ம ஊரில் மைனஸ் 40 வராது, பயப்படாதே. சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் பல வண்டிகளில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் இருக்கும். மலிவான பொருள்தான். இதைப் பார்க்காமல் பிளக், காயில், இன்ஜெக்டர் என்று வரிசையாக மாற்றிப் பில் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

4. அப்படியே டார்ச் அடித்து வயரைப் பார். பிசான அறுவடை முடிந்த மாதங்களில் வயலில் இருந்த எலி வீட்டுக்கு வரும், வீட்டு வாசலில் நிற்கிற காருக்குள்ளும் வரும். இன்ஜெக்டர் வயரில் பாதி கடித்திருந்தால் கோளாறு வரும், போகும்.

5. இப்போது ஸ்டார்ட் செய். ஷட்டர் திறந்திருக்கட்டும், மூடிய ஷெட்டில் சைலன்சர் புகை ஆளைக் கொல்லும். ரேஸ் கொடுக்காதே. அரை நிமிடத்துக்குள், எஞ்சினிலிருந்து புகை வெளியேறுகிற ஒவ்வொரு குழாயிலும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டு. வேலை செய்கிற சிலிண்டர்களின் குழாய் கிடுகிடுவென்று ஏறும். எது ஏறாமல் நிற்கிறதோ அந்தச் சிலிண்டரில்தான் மிஸ் அடிக்கிறது. பழைய ஆட்கள் துளித் தண்ணீர் தெளித்து எது சீறவில்லை என்று பார்ப்பார்கள், அதுவும் சரிதான். அப்போதும் சந்தேகம் என்றால் இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார். எதைக் கழற்றியும் ஓட்டம் மாறவில்லையோ அதுதான் குற்றவாளி. ஓடும்போது பிளக் வயரைப் பிடுங்காதே. ஷாக் அடிக்கும், காயில் போகும், எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரியும்.

6. ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் என்றால் முதலில் கரண்ட் பக்கம் போ. எல்லாச் சிலிண்டரும் சேர்ந்து உதறினால் காற்று அல்லது பெட்ரோல். மேனிபோல்டு கேஸ்கெட்டும் ரப்பர் ஹோஸும் குளிரில் சுருங்கிக் காற்று இழுக்கும், சூடானதும் விரிந்து அடைத்துக்கொள்ளும். அந்தக் கசிவைத் தேடி ஸ்ப்ரே அடித்துப் பார்ப்பதென்றால் சைலன்சர் குழாய் சூடாவதற்கு முன்னால் அடி. அப்புறம் அடித்தால் தீப்பிடிக்கும்.

7. ஆற்றுப் படித்துறையில் வண்டி கழுவுகிற பழக்கம் இன்னும் சிலருக்குப் போகவில்லை. ஆறும் கெடுகிறது, பிளக் குழியில் தண்ணீரும் தங்குகிறது. குற்றாலச் சாரலில் நின்று வந்த வண்டியிலும் காயில் ரப்பரில் விரிசல் இருந்தால் இதே கதைதான். ஈரம் காயும் வரை கரண்ட் பக்கவாட்டில் ஓடும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. தெருவில் நின்ற கார்களைக் கேட்கவே வேண்டாம். அப்படி மூழ்கிய வண்டி இன்றைக்கும் கைமாறி வரும். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார், கனெக்டர் பின்னில் பச்சைக் களிம்பு இருக்கிறதா பார்.

8. சிஎன்ஜி, எல்பிஜி வண்டியில் ஒரு வேடிக்கை உண்டு. பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடானதும் கேஸுக்கு மாறும். கேஸ் மலிவு என்று அண்ணாச்சி மாதக்கணக்கில் இருநூறு ரூபாய்ப் பெட்ரோலிலேயே ஓட்டுவார். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, ஈரத்தை இழுக்கும். பழைய பெட்ரோல், பிசின் ஏறிய இன்ஜெக்டர், காலையில் உதறல். சூடான பிறகு ஸ்விட்சைத் தட்டிப் பெட்ரோலில் ஓட்டிப் பார். அப்போதும் உதறினால் குளிருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

9. தெர்மோஸ்டாட்டைப் பற்றி நான் கொஞ்சம் கோபமாகத்தான் பேசுவேன். "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு" என்று கழற்றி எறிகிற வழக்கம் அம்பாசிடர் காலத்திலிருந்தே இங்கே இருக்கிறது. அது எஞ்சினைக் குளிர்விக்கிற பொருள் இல்லை, சீக்கிரம் சூடாக்குகிற பொருள். சுமார் 82 டிகிரி வரும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறித்து நிற்கும். அதை எடுத்துவிட்டால் பாளையங்கோட்டையில் கிளம்பிய வண்டி சேரன்மகாதேவி போன பிறகும் அரைச் சூட்டில்தான் ஓடும். கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை நிறுத்தாது, மைலேஜ் போகும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும். ஸ்கேனரில் பி0128 வந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டர் மேல் ஹோஸைத் தொட்டுப் பார். முதல் சில நிமிடம் அது குளிர்ந்தே இருக்க வேண்டும். அப்போதிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் வால்வு திறந்தே கிடக்கிறது, அல்லது இல்லவே இல்லை. போர் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து சென்சாரும் கெடும். கூலன்ட் வாங்கி ஊற்றச் சொல்.

10. காலையில் ஒரு நிமிடம் மிஸ், வெள்ளைப் புகை, மாதம் ஒரு முறை கூலன்ட் டாப்-அப். இந்த மூன்றும் சேர்ந்தால் ஹெட் கேஸ்கெட். முந்தின மாலை ரேடியேட்டரில் பிரஷர் ஏற்றி வைத்துவிட்டு, காலையில் பிளக்குகளைக் கழற்றிப் பார். கரியில்லாமல் கழுவிவிட்டது மாதிரி இருக்கிற பிஸ்டன் காட்டிக்கொடுக்கும்.

11. டீசல் என்றால் ஹீட்டர் பிளக்கை மீட்டரில் சோதி. தொடர்பே காட்டாதது செத்தது. நம்ம ஊர்ச் சூட்டில் ஒன்றிரண்டு செத்தாலும் ஸ்டார்ட் ஆகிவிடும், உதறலும் வெள்ளைப் புகையும்தான் மிஞ்சும். ஆனால் மாற்றுவதை மட்டும் எஞ்சின் சூடான பிறகு செய். குளிர்ந்த ஹெட்டில் கரி பிடித்து இறுகியதைத் திருகினால் பாதி உள்ளேயே முறிந்து நிற்கும், அப்புறம் ஹெட்டை இறக்க வேண்டியதுதான்.