இறுகிப்போன சில்லைக் கழற்றும் முறை

நட்டுகள் எல்லாம் கழன்றுவிட்டன. வாகனம் ஜக்கில் உயர்ந்து நிற்கிறது. சில்லோ அசைய மறுக்கிறது. 2010ஆம் ஆண்டில் வன்னியிலே மீளக்குடியேறிய ஒரு குடும்பத்தின் வளவில் நாம் இந்நிலையில் அகப்பட்டோம். அவர்களது பழைய வான் பல மாதங்கள் மழையிலும் வெய்யிலிலும் நின்றிருந்தது. மரக்கறியைச் சந்தைக்கு ஏற்ற வேறு வாகனம் இல்லை. பொறுமையிழந்து சில்லைக் காலால் உதைத்தோம். ஜக்கு சரிந்து வான் நிலத்தில் குந்தியது. உதைத்தவரின் பாதம் மயிரிழையில் தப்பியது. பிழை எம்முடையதே.

சில்லின் நடுத்துவாரம் ஹப்பின் மேட்டுப்பகுதியில் நெருக்கமாகப் பொருந்தியிருக்கும். இரும்பு கறளாகும்போது பருமனில் பெருக்கிறது. அக்கறள் சிறிய இடைவெளியை நிரப்பி, ஆப்பு வைத்ததுபோல் இறுக்கிவிடுகிறது. கடற்கரையிலும் களப்போரத்திலும் உப்புக்காற்று இதை விரைவாக்கும். அலுமினிய றிம் ஆனால் இரண்டு உலோகங்களுக்கிடையே உப்புநீர் புகுந்து வெள்ளைப் பொடி படியும். அதுவும் அவ்வாறே இறுகும். (சில்லு சுற்றவே மறுத்தால் அது வேறு வருத்தம். பிறேக் ஒட்டியிருக்கும், அதைப் பழுதுபார்க்காமல் ஓடக்கூடாது.)

முதலில் ஜக்கை மறந்துவிடுங்கள். சில்லு நிலத்தில் இருக்கும்போதே ஹப்பும் சில்லும் சேரும் நடு விளிம்பில் மண்ணெண்ணெயோ டீசலோ சிறிது விட்டு, ஓர் இரவு ஊறவிடுங்கள். பிறேக் பக்கம் வழியவிட வேண்டாம். மறுநாள் எல்லா நட்டுகளையும் ஒன்று அல்லது இரண்டு சுற்று மட்டும் தளர்த்துங்கள். ஒன்றையும் முழுதாகக் கழற்றக்கூடாது. பின்னர் மட்டமான நிலத்தில், ஆட்களை விலக்கிவிட்டு, வாகனத்தை முன்னும் பின்னும் நாலைந்து அடி மெதுவாக நகர்த்திப் பிறேக் பிடியுங்கள். என்ஜின் இயங்காவிட்டால் தள்ளினாலும் போதும். வாகனத்தின் பாரமே வேலையைச் செய்யும். "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும், உடனே நிறுத்துங்கள். எமது வானில் மூன்றாம் தடவை கேட்டது.

அதற்கும் மசியாவிட்டால்தான் ஜக்கு. மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். உயர்த்தியபின் அச்சின் கீழ் தடித்த மரக்குற்றி கொடுங்கள். செங்கல்லையும் சீமெந்துக் கல்லையும் நம்பவேண்டாம். அவை சொல்லாமல் நொறுங்கும். நட்டுகள் சில புரிகளிலேனும் பிடித்திருக்கட்டும். இனி வாகனத்தின் மறுபக்கத்திலிருந்து உலக்கை அல்லது நீண்ட மரத்தை அடியால் செலுத்தி, ரயரின் உட்பக்கத்தில் இடியுங்கள். உங்கள் உடம்பு வெளியிலேயே இருக்கவேண்டும். ஒருமுறை இடித்தபின் சில்லை அரைச்சுற்றுத் திருப்பி மறுபடி இடியுங்கள். பின்சில்லாயின் திருப்புவதற்காகக் கைப்பிறேக்கையும் கியரையும் விடுவிக்க வேண்டும். கட்டைகள் சரியாக உள்ளனவா என்று முன்னரே பாருங்கள். அலவாங்கு கொண்டு நெம்பினால் பிறேக் தகடு வளையும். சுத்தியலால் ஸ்ரட்டில் அடித்தால் புரி போய்விடும்.

நெருப்பு வைத்து இளக்குவோரையும் கண்டிருக்கிறோம். காற்றுள்ள ரயர் சூடேறினால் அழுத்தம் கூடும். உள்ளே இறப்பர் எரிவாயுவைக் கக்கும். நெருப்பை எடுத்த பின்னரும் அது வெடிக்கலாம். வெடித்தால் ஆளைக் கொல்லும். ஒருபோதும் செய்யாதீர்கள்.

கழன்றதும் இரு பக்கக் கறளையும் கம்பித் தூரிகையால் சுரண்டி, ஹப்பின் மேட்டில் மட்டும் மிக மெல்லிதாகக் கிறீஸ் பூசுங்கள். ஸ்ரட்டிலும் நட்டிலும் பூசக்கூடாது. நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, ஐம்பது அறுபது கிலோமீற்றர் ஓடியபின் திரும்பவும் இறுக்கிப்பாருங்கள். பழைய லொறி வைத்திருப்போருக்கு ஒன்று: சிலவற்றில் இடப்பக்க நட்டுகள் இடப்புரி கொண்டவை. வழமைபோல் சுற்றினால் இன்னும் இறுகி ஸ்ரட் முறியும். ஸ்பானரைப் போடமுன் புரியைப் பாருங்கள்.