16 ஜிபி போட்டும் 8 தான் காட்டுதா? அக்கா சொல்றதைக் கேளுங்க!

காசு கொடுத்து இன்னொரு ராம் வாங்கிப் போட்டாச்சு, கம்ப்யூட்டரோ பழைய கணக்கையே காட்டுது. உடனே 'ராம் டூப்ளிகேட்'னு முடிவு கட்டி, கடைக்காரரோட சண்டைக்குக் கிளம்பாதீங்க தங்கச்சிங்களா. எங்கே குறையுதுன்னு கண்டுபிடிச்சா பாதி வேலை முடிஞ்சுது.

முதல்ல பயாஸ்: ஆன் பண்ணினதும் டெலிட் அல்லது எஃப்2 கீயைத் தட்டிக்கிட்டே இருங்க (சில மாடல்ல வேற கீ). பயாஸ் பக்கத்துல மொத்த மெமரி எவ்வளவுன்னு போட்டிருக்கும். அங்கே முழுசா இருந்தா, பெரும்பாலும் ஸ்க்ரூ டிரைவருக்கு வேலை இல்லை.

பயாஸ்ல சரி, விண்டோஸ்ல குறையா?

* செட்டிங்ஸ்ல சிஸ்டம், அபவுட் போய்ப் பாருங்க. 32-பிட் விண்டோஸ் 10னா, எவ்வளவு ராம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல எடுத்துக்காது. அதுலயும் சுமார் மூணேகால், மூணரைதான் கைக்கு வரும். 64-பிட்டுக்கு மாற விண்டோஸைப் புதுசா இன்ஸ்டால் பண்ணணும். போட்டோ, ஃபைலை எல்லாம் முன்னாடியே காப்பி எடுத்து வச்சுக்குங்க.
* சிஸ்டம் கான்ஃபிகரேஷன்ல பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் திறங்க. 'மேக்சிமம் மெமரி'ல டிக் இருந்தா எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க.
* டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபாமன்ஸ், மெமரி பாருங்க. 'ஹார்டுவேர் ரிசர்வ்டு'னு கொஞ்சம் ஒதுங்கி இருக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின்ல, திரைக்காக ராம்ல இருந்து ஒரு பங்கு போகும். அரை ஜிபி குறைஞ்சா பதறாதீங்க. பாதியே காணோம்னா அடுத்த பகுதிக்கு வாங்க.

பயாஸ்லயே குறையா?

* ஷட்டவுன் பண்ணி, பிளக்கைப் பிடுங்குங்க. லேப்டாப்னா பேட்டரியையும் கழட்டுங்க. பவர் பட்டனைச் சில விநாடி அமுக்கிட்டு, கேபினட்டோட இரும்பைத் தொட்டுட்டு அப்புறம் ராம்ல கை வைங்க.
* ராமைக் கழட்டி, தங்க நிறப் பல் வரிசையைப் பென்சில் ரப்பரால மெதுவா தேய்ங்க. மெஷினுக்கு மேல வச்சுத் தேய்க்காதீங்க, தூள் ஸ்லாட்டுக்குள்ள போகும். ஸ்லாட்டை வாயால ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் ஆகாது. காய்ஞ்ச பிரஷ் போதும்.
* திரும்பப் போடும்போது ரெண்டு ஓரத்தையும் சமமா அழுத்துங்க. 'டக்'னு கிளிப் பூட்டிக்கணும். டெஸ்க்டாப்ல அரைகுறையா உட்கார்ந்த ராம்தான் அடிக்கடி நடக்குற கோளாறு. பள்ளம் பொருந்தலைன்னா பலம் காட்டாதீங்க. டிடிஆர்3 ஸ்லாட்டுல டிடிஆர்4 நுழையாது.
* இன்னும் காட்டலையா? ஒவ்வொரு ராமையும் தனித்தனியா, ஒரே ஸ்லாட்டுல போட்டு ஆன் பண்ணுங்க. அப்புறம் நல்லா இருக்குற ராமை ஒவ்வொரு ஸ்லாட்டுலயும் மாத்திப் போடுங்க. எது பழுதுன்னு அதுவே சொல்லிடும்.
* மதர்போர்டு மேனுவலைப் புரட்டுங்க. அதிகபட்சம் எவ்வளவு தாங்கும், ரெண்டு ராமை எந்த ஸ்லாட்டுல போடணும்னு எழுதியிருக்கும். நாலு ஸ்லாட் இருக்குற போர்டுல, பெரும்பாலும் பிராசஸர் பக்கத்துல இருந்து எண்ணி 2, 4.

ஒரு ராம் எந்த ஸ்லாட்டுலயும் வேலை செய்யலைன்னா பில்லை எடுத்துக்கிட்டு வாரண்டிக்குப் போங்க. எந்த ராமும் ஒரு ஸ்லாட்டுல மட்டும் எடுபடலைன்னா, அது போர்டு அல்லது பிராசஸர் சாக்கெட் விவகாரம், மெக்கானிக்கிட்ட விடுங்க. இதையெல்லாம் பார்க்காம இன்னொரு ராமுக்குக் காசைக் கொட்டிடாதீங்க.