வீட்டில் காடை: முட்டையில் தொடங்குவதா, குஞ்சில் தொடங்குவதா?

தமிழ்நாட்டு வீடுகளில் வளர்க்கப்படும் காடை, வயலோரப் புதர்களில் மறைந்து திரியும் காட்டுக் காடை அன்று. அது ஜப்பானில் பல தலைமுறைகளாக மனிதரிடம் வளர்ந்து, 1974இல் உத்தரப்பிரதேசத்தின் இசத்நகர் ஆராய்ச்சி நிலையத்தின் வழியே இந்தியாவுக்கு வந்த ஜப்பானியக் காடை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அதிலிருந்து தேர்ந்தெடுத்து உருவாக்கியவையே நந்தனம் காடையும் நாமக்கல் காடையும் ஆகும். காட்டுக் காடைகளைப் பிடிப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுப்பதால், வளர்ப்போர் பண்ணையில் பிறந்த பறவைகளையே வாங்க வேண்டும்.

அவற்றைக் கருவுற்ற முட்டையாகவோ, ஒரு நாள் குஞ்சாகவோ, மூன்று வாரக் குஞ்சாகவோ வாங்கலாம். முட்டையின் விலை மிகக் குறைவு என்பதால் பலரும் அங்கிருந்தே தொடங்க விரும்புகின்றனர். எனினும், பொரிப்புக் கருவியின் விலை, கூமுட்டையாகப் போகும் முட்டைகள், பொரித்தபின் குஞ்சுகளுக்குத் தர வேண்டிய வெப்பம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. ஒரு நாள் குஞ்சின் எடை ஏழெட்டுக் கிராம் மட்டுமே. தன் உடல்வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாத அந்த முதல் வாரத்தில்தான் இறப்பு மிகுதி. மூன்று வாரக் குஞ்சோ இறகு முளைத்து, பெரும்பாலும் செயற்கை வெப்பம் தேவைப்படாத நிலையை எட்டியிருக்கும். மார்பு இறகு செம்பழுப்பாக இருந்தால் ஆண், சாம்பல் நிறத்தில் கரும்புள்ளிகள் இருந்தால் பெண் என்று அந்த வயதில் பிரித்தறியவும் முடியும். ஆகவே முட்டைக்காகப் பத்திருபது பறவைகளை முதன்முறையாக வளர்க்கும் குடும்பத்திற்கு மூன்று வாரப் பெண் குஞ்சுகளே மிகப் பொருத்தமானவை. ஆறு அல்லது ஏழு வாரத்தில் அவை முட்டையிடத் தொடங்கிவிடும். சேவல் இல்லாமலும் உண்பதற்கான முட்டை கிடைக்கும்.

குஞ்சு பொரிப்பதே நோக்கமாக உள்ளவர்களுக்கு நிலைமை வேறு. மனிதரிடம் வளர்ந்த நீண்ட காலத்தில் ஜப்பானியக் காடை அடைகாக்கும் இயல்பை ஏறக்குறைய முழுவதுமாக இழந்துவிட்டதால், முட்டைகளை அடைக்கோழியிடமோ கருவியிடமோதான் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. கோழிக்கு மின்சாரம் வேண்டாம். வெப்பத்தையும் முட்டை திருப்புதலையும் அது தானே பார்த்துக்கொள்ளும். தன் முட்டைக்காக 21 நாள் அமரும் பறவையாதலால், காடை முட்டைக்குத் தேவையான 17, 18 நாள்களை அது எளிதாகக் கடந்துவிடும். ஆனால் பத்துக் கிராம் அளவே எடையுள்ள, மெல்லிய ஓடுடைய முட்டை கனத்த கோழியின் காலடியில் உடையக்கூடும். பொரித்த குஞ்சைத் தன்னுடையதாக ஏற்காமல் கொத்துகிற கோழிகளும் உண்டு. கோழியிடம் வெளித்தெரியாமல் இருக்கும் நோய்க்கிருமிகள் காடைக்குத் தொற்றுவதற்கும் இம்முறை வழிவிடுகிறது. எடை குறைந்த, முன்பே நன்றாக அடைகாத்துப் பழகிய சிறுகோழி கையில் இருந்தாலன்றி இவ்வழியைப் பரிந்துரைப்பதற்கில்லை.

கருவிகளில், விசிறியற்ற பெட்டியும் விசிறி பொருத்திய பெட்டியும் இருவேறு தன்மை உடையவை. தெர்மாகோல் பெட்டியில் பல்பைப் பொருத்திச் செய்யப்படும் விசிறியற்ற வகையில் சூடான காற்று மேலேயும் குளிர்ந்த காற்று கீழேயும் தங்கிவிடுவதால், வெப்பமானியை எந்த உயரத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அளவு மாறுபடும். அதனால் முட்டையின் மேற்பரப்பு மட்டத்தில் அளந்து, 38.5 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருக்க வேண்டும். விசிறி உள்ள பெட்டியில் காற்று சுழன்று எங்கும் ஏறத்தாழ ஒரே வெப்பம் நிலவுவதால் 37.5 டிகிரி போதுமானது. வெப்பம் சற்றுக் குறைந்தால் பொரிப்பு தாமதமாகலாம். அளவுக்கு மிஞ்சினாலோ கரு விரைவில் இறந்துவிடும். கோடையில் அறையின் வெப்பமே 40 டிகிரியை எட்டும் ஊர்களில், மின்தடையைக் காட்டிலும் இந்த மிகைவெப்பமே கூடுதலாக அஞ்சத்தக்கது. பல்பை அணைத்தாலும் பெட்டியால் அறையைவிடக் குளிர இயலாது. எனவே வாங்கும் வசதியுள்ளோர் விசிறியும் துல்லியமான வெப்பக் கட்டுப்பாடும் கொண்ட சிறு கருவியையே தேர்ந்தெடுத்து, அதை வீட்டின் குளிர்ந்த அறையில் வைப்பது நலம்.

எந்தக் கருவியானாலும் முட்டையைத் தேர்வதில் காட்டும் கவனமே விளைவைத் தீர்மானிக்கிறது. இரண்டு அல்லது மூன்று பெண்களுக்கு ஒரு சேவல் என்று விட்டு வளர்த்த கூட்டத்தின், இட்டு ஒரு வாரத்திற்கு மேற்படாத முட்டைகளே ஏற்றவை. தொலைவிலிருந்து குலுங்கி வந்தவற்றை அகன்ற முனை மேலிருக்குமாறு சில மணி நேரம் வைத்து, காற்றறை நிலைகொண்டபின் அடைவைக்க வேண்டும். முதல் 14 நாள் ஈரப்பதத்தை 55 முதல் 60 விழுக்காட்டளவில் வைத்து, முட்டைகளை நாளொன்றுக்கு மூன்று முறைக்குக் குறையாமல் திருப்ப வேண்டும். அதன்பின் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 70 விழுக்காடாக உயர்த்தி, பொரிப்பு முடியும்வரை மூடியைத் திறக்காதிருப்பது அவசியம். திறந்தால் ஈரம் வெளியேறி, ஓட்டின் உட்சவ்வு காய்ந்து குஞ்சின் உடலில் ஒட்டிக்கொள்ளும். ஓட்டைக் கொத்தத் தொடங்கிய குஞ்சும் அதனுள்ளேயே மடிந்துபோகும். ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டிய மூன்று நாள்கள் அவை.

பொரித்த குஞ்சுகளை முதல் வாரம் 35 டிகிரிக்குச் சற்று மேலான வெப்பத்தில் வைத்து, வாரந்தோறும் மூன்று டிகிரி அளவு குறைத்துவரலாம். குஞ்சுகள் விளக்கடியில் நெருக்கியடித்தால் வெப்பம் போதவில்லை. விளக்கை விட்டு விலகி வாய்பிளந்து மூச்சிரைத்தால் மிகை. வழுவழுப்பான செய்தித்தாளைப் பரப்பினால் கால்கள் அகன்று முடமாகும் என்பதால் சொரசொரப்பான விரிப்பும், நீர்த்தட்டில் மூழ்கி இறக்காதபடி கூழாங்கற்களும் தேவை. தொடக்கத் தீவனத்தில் புரதம் 24 விழுக்காட்டுக்குக் குறையலாகாது.

வளர்ந்தவற்றை வைக்கும் முறைகளில், தரையில் உமியோ மரத்தூளோ பரப்பும் ஆழ்கூள முறையைவிடக் கூண்டே சிறுவீட்டிற்கு ஏற்றது. எச்சம் கீழ்த்தட்டில் விழுந்துவிடும், முட்டை அழுக்காகாது. ஒரு சதுர அடிக்கு ஐந்து பறவைகள் என்பது பொதுவான கணக்காயினும், இடம் உள்ளவர்கள் மூன்று, நான்கோடு நிறுத்திக்கொண்டால் பறவைகளிடையே கொத்திக்கொள்வது குறையும். அச்சமுற்றால் செங்குத்தாக மேலெழும் பறவையாதலால், கூண்டின் உயரம் 25 சென்டிமீட்டருக்குள் இருந்தால் தலையில் பெருங்காயம் ஏற்படாது. தொடர்ந்து முட்டையிட 14 முதல் 16 மணி நேர வெளிச்சமும் வேண்டும்.

இறைச்சிக்கு வளர்ப்போர் ஐந்தாவது வாரத்திலேயே விற்றுவிடலாம் என்பதால், அவர்களுக்கு ஒரு நாள் குஞ்சுகளைத் தொகுதி தொகுதியாக வாங்குவதே கணக்கிற்கு ஒத்துவரும். சொந்தக் கூட்டத்திலிருந்தே தலைமுறை தலைமுறையாகப் பொரிக்க நினைப்போரோ உறவுக்கலப்பை, அதாவது உடன்பிறந்த பறவைகள் தம்முள் இணைவதை, முன்கூட்டியே தடுத்தாக வேண்டும். காடையில் அதன் தீங்கு கோழியைவிட விரைவாக வெளிப்பட்டு, சில தலைமுறைகளிலேயே கருவுறும் முட்டைகளும் பிழைக்கும் குஞ்சுகளும் குறைந்துவிடுகின்றன. அத்தகையோர் ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு பண்ணையிலிருந்து சேவல்களை வாங்கி, இரண்டு வாரமேனும் தனியே வைத்து நோயில்லை என்று உறுதிசெய்தபின் கூட்டத்தில் சேர்க்க வேண்டும்.