விதையுறையில் பசை சேரும் விதம்

திருவனந்தபுரத்துச் சர்பத் கடைகளில் 'கஸ்கஸ்' என வழங்கும் கரிய சிறுமணிகளை நீரிலிட்டால், சில நிமிடங்களில் ஒவ்வொரு மணியைச் சுற்றியும் பளிங்கு போன்ற பசைப்படலம் தோன்றக் காணலாம். இவை திருநீற்றுப்பச்சைச் செடியினின்று கிடைப்பவை. தமிழ்நாட்டில் சப்ஜா விதை எனப்படுபவை. விதை என்று அழைக்கப்படினும், தாவரவியலின்படி இவை சிறு கொட்டைக்கனிகளே. பசை இருப்பதும் கனித்தோலில்தான். ஆளி விதையிலும் இசப்கோலிலுமோ பசை விதையுறையிலேயே உள்ளது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றுமாதலால், ஆசிரியர் இவ்வேறுபாட்டை முதலிலேயே விளக்குதல் நலம்.

விதையுறையில் இப்பசை எவ்வாறு சேருகிறது? கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் இது நன்கு ஆராயப்பட்டுள்ளது. கருவுற்ற பின் சூலின் வெளியுறையிலுள்ள மேற்புறச் செல்கள் பருத்து, மாப்பொருள் மணிகளைச் சேமிக்கின்றன. சுமார் ஏழாம் நாளில் இச்செல்கள் பெக்டின் வகைப் பசையை மிகுதியாகச் சுரக்கின்றன. அப்பசை செல்லைச் சுற்றி எங்கும் பரவுவதில்லை. வெளிப்புறச் சுவரை ஒட்டிய மூலைகளில் மட்டும் வளையமாகப் படிகிறது. செல்லின் உயிர்ப்பொருள் நடுவில் தூண்போல் ஒடுங்குகிறது. பின்னர் அத்தூணைச் சூழ்ந்து தடித்த சுவர் எழும்புகிறது. இறுதியில் செல் மடிகிறது. உலர்ந்த பசை மட்டும் நீரை எதிர்நோக்கி நிற்கிறது.

பசையை உருவாக்குவது கோல்கை உறுப்பு. 1898-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் கமிலோ கோல்கை இதனை நரம்புச் செல்களில் கண்டறிந்தார். பசை ஒரு பக்கத்தில் மட்டும் சேருவதால், கோல்கை உறுப்புகளும் அப்பக்கத்திலேயே குவிந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் கனடா நாட்டுப் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆராய்ந்து 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு வேறு. அவ்வுறுப்புகள் செல்லெங்கும் பரவியே இருந்தன. எனவே, பசை சேருமிடத்தை நிர்ணயிப்பது அது உருவாகும் இடமன்று. பசையைத் தாங்கிய நுண்பைகள் சென்றடையும் இடமே என்பது தெளிவாயிற்று.

நுண்பைகள் செல்சவ்வின் குறித்த பகுதியை அடைந்ததும், அவற்றை அங்கே பற்றி நிறுத்தும் புரதக் கூட்டம் ஒன்று உண்டு. அதற்கு எக்சோசிஸ்ட் என்று பெயர். இக்கூட்டத்தின் சில புரதங்கள் பழுதுற்ற அராபிடாப்சிஸ் செடிகளின் விதைகளில் பசை சரிவரச் சேரவில்லை என 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. சரக்கு தயாரானால் மட்டும் போதாது; உரிய துறையில் இறங்கவும் வேண்டும் என்பதே இதன் பொருள்.

களப்பணியாளர்க்கும் இதில் பயனுண்டு. குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களில் பயிராகும் இசப்கோலின் உமி என விற்கப்படுவது விதையின் பசை மிகுந்த மேலுறையே. விதைத்த நிலத்தில் ஈரத்தைப் பற்றி வைத்து முளைப்பதற்கு உதவும் அதே பசை, அறுவடைக் காலத்தில் கேடாகவும் முடியும். முற்றிய கதிர்மீது மழை பெய்தால் பசை அங்கேயே உப்பி, விதையும் உமியும் தரம் இழக்கும். மண்ணின் ஈரம் இது, வானத்து மழை அது என்று மடிந்த செல் பகுத்தறியாது. ஆகவே, கதிர் முற்றியதும் காலந்தாழ்த்தாது உலர்ந்த நாளில் அறுவடை செய்யுமாறு உழவர்க்கு அறிவுறுத்துதல் வேண்டும்.

வகுப்பில் செய்து காட்ட: ஒரு கண்ணாடிக் குவளையில் ஆளி விதையும், மற்றொன்றில் கஸ்கஸும், மூன்றாவதில் பசையற்ற நெல்மணியும் இட்டு நீரூற்றுக. அரைமணி நேரங்கழித்து மாணவர் மூன்றையும் விரலால் தொட்டு ஒப்பிடுவாராக. எதில் பசை விதையுறையினது, எதில் கனித்தோலினது என்று அவர்களையே கூறச் செய்தால் பாடம் மனத்தில் நிலைக்கும்.