சுருக்கமும் தெளிவும்

ஜொகூர் மாநிலத்தின் சிகாமாட் மாவட்டத்தில் அமைந்துள்ள சிற்றூர் பெக்கோக். அதனருகே உள்ள சுங்கை பந்தாங் நீர்வீழ்ச்சியில் குளித்து மகிழப் பலர் வருகின்றனர். இத்தகைய மலை ஆறுகளில் ஓர் ஆபத்து உண்டு. குளிக்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மலையுச்சியில் பெய்யும் மழையால் வெள்ளம் திடீரெனப் பாய்ந்து வரலாம். மலாய்மொழியில் இதனைக் ‘கெப்பாலா ஆயேர்’ என்பர்.

இதற்கு ஓர் எச்சரிக்கைப் பலகையை எவ்வாறு எழுதலாம்?

“பொதுமக்கள் அனைவரும் தங்கள் பாதுகாப்பினைக் கருத்திற்கொண்டு, இயற்கைச் சூழலில் ஏற்படக்கூடிய மாற்றங்களைக் கவனித்து நடந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

இதில் சொற்கள் மிகுதி. ஆனால், என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும் என்பன இல்லை. “ஆபத்து!” என்று மட்டும் எழுதினால் சுருக்கம் உண்டு, தெளிவு இல்லை.

“நீர் கலங்கினால், இலைதழைகள் அடித்து வந்தால், வெள்ளம் வருகிறது. உடனே கரையேறி மேட்டுக்குச் செல்லுங்கள்!”

இதில் அறிகுறியும் செயலும் உள்ளன. குளித்துக்கொண்டிருக்கும் சிறுவனும் படித்தவுடன் புரிந்துகொள்வான்.

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலுக்குரிய பத்து அழகுகளைக் குறிப்பிடுகிறது. சுருக்கமாகக் கூறுவதும் தெளிவாகப் புரியவைப்பதும் அவற்றுள் முதல் இரண்டு. ஒன்றிருந்து மற்றொன்று இல்லையெனில் பயனில்லை.

நீங்கள் எழுதிய அறிவிப்பில் ஒவ்வொரு சொல்லாக நீக்கிப் பாருங்கள். பொருள் குறையவில்லையெனில் அச்சொல் தேவையற்றது. மேற்கண்ட எச்சரிக்கையில் ‘உடனே’ என்பதை நீக்கலாமா? நீக்கினால், பொருள்களை எடுத்துவைத்துவிட்டுக் கரையேறலாம் என ஒருவர் எண்ணக்கூடும். வெள்ளம் அதுவரை காத்திருக்காது.